மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிற கப்பலில் ட்ரோனை எப்படிப் பத்திரமாக இறக்குவது என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முன்பு ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கி ஒன்றில் எங்கள் சிமுலேட்டர் இருக்கிறது. கட்டில் அகலத்துக்கு இருக்கும் ட்ரோன்கள் கரையிலிருந்து மருந்தும் உதிரிபாகமும் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போகின்றன. ஆடுகிற கப்பலில் அதை இறக்குவது லேசான காரியமில்லை. நிஜக் கப்பலில் பழகினால் நிஜமாகவே ஆள் சாகும். எங்களிடம் பழகினால் திரையில் மட்டும் சாகும். அந்தச் சாவுகளை நாள் முழுக்கப் பார்த்து, எதனால் என்று எழுதிவைப்பது என் வேலை.

கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்கிறாய் என்று கல்யாணப் பந்தியில் கேட்கும் சித்தப்பாவுக்கு விளக்கத் தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு குனிந்திருப்பவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். ஆனால் உங்கள் திரையில் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னபடி கேட்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏலக்காய் மணக்கும் கடல்

கிட்டங்கியின் நடுவில் ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு மேடை. அதுதான் கப்பலின் மேல்தளம். சுற்றிலும் மூன்று பக்கமும் திரை. திரை முழுக்கக் கடல். மேடை ஆடும், சரியும், தூக்கிப் போடும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே வாளியைத் தேடுவார்கள். எனக்கு வாந்தி வராது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அடுப்படித் தரை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தோசை ஊற்றுவேன்.

எங்களுக்கு வேலை கொடுத்த கப்பல் கம்பெனியின் சார்பில் ஒரு கேப்டன் வருவார். கொச்சிக்காரர், முப்பது வருடம் கடலிலேயே இருந்தவர். குமுளி வழியாகக் காரில் இறங்கி வந்து, மாதம் ஒருமுறை எங்களைக் குறை சொல்லிவிட்டுப் போவார். முதல் தடவை மேடையில் ஏறியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு திரைக் கடலை வெகுநேரம் பார்த்தார். அலையின் உயரம், நுரை, கப்பல் சரியும் கணக்கு எல்லாம் அவர் கொடுத்ததுதான். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்று எனக்கு ஆசை. இறங்கி வந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் கரெக்டாணு மேடம். பக்ஷே, கடல்னா அது நம்மளத் திரும்பிப் பாக்கணும். இது பாக்குது இல்ல."

திரும்பி வரும் காற்று

ட்ரோனுக்கு முதல் எதிரி அலை இல்லை, காற்று. கப்பலின் முன்பக்கத்தில் மாடிக் கட்டடம் மாதிரி ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால்தான் ட்ரோன் இறங்கும் இடம். காற்று அந்தக் கட்டடத்தைத் தாண்டி விழுந்து, சுருண்டு, வந்த வழியே திரும்பும். அந்தச் சுருளில் மாட்டினால் ட்ரோன் குடிகாரன் போலத் தள்ளாடும். அந்தச் சுருளை அளக்கக் கப்பல் கிடைக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் எங்கள் பள்ளத்தாக்கில் காற்றுக்கு என்ன பஞ்சம்?

தேவாரம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரக் காட்டு வெளியில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் ஒன்று தனியாக நிற்கிறது. அதன் பின்பக்கம் கம்பங்கள் நட்டு, காற்றுமானிகளும் சிவப்பு நாடாக்களும் கட்டினோம். ஆடியில் முகூர்த்தம் ஏது? மண்டபம் காலி. மண்டபத்துக்கு முன்னால் தென்னைகள் எல்லாம் கிழக்கே பார்த்து வளைந்திருந்தன. பின்பக்கத்தில் எங்கள் நாடாக்கள் அத்தனையும் மேற்கே, சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. கணக்குப்படி அப்படித்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், வெட்டவெளியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காற்றை எதிர்த்துக்கொண்டு மெதுவாக, நின்று நின்று, சுவரை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தபோது பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்துக் காவல்காரர் வாசலில் இருந்தபடியே கூப்பிட்டார்: "அங்கன நிக்காதீக தாயி. போன காத்து திரும்பி வர்ற எடம் அது."

உடம்பு கொடுத்தவர்

ட்ரோன் இறங்கும் இடத்தில் ஒரு ஆள் நிற்பார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று கைகாட்ட வேண்டும். றெக்கை நின்ற பிறகுதான் கோட்டைத் தாண்டி வந்து சாமானை எடுக்க வேண்டும். எங்கள் சிமுலேட்டரிலும் அப்படி ஒரு உருவம் வேண்டும். கடையில் வாங்கிய உருவம் சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நடந்தது. காற்றில் நின்று பழகிய நிஜ மனிதரின் நடையைப் பதிந்துகொள்ளலாம் என்றான் பிரபு. பிரபு எங்கள் உருவங்களை எல்லாம் செய்கிறவன், வடுகபட்டிக்காரன், என்னை அக்கா என்பான்.

அவன் கூட்டிவந்தவர் முத்துராசு. அனுமந்தன்பட்டிக்காரர், நாற்பது வயதிருக்கும். திராட்சைத் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கும் குழுவில், ட்ரோன் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பவர். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையை மாட்டி, அசைவைக் கேமரா பிடிப்பதற்காக மூட்டுக்கு மூட்டு வெள்ளைக் குமிழ்களை ஒட்டினோம். கூச்சத்தில் நெளிந்தார். பெரிய விசிறியை முழு வேகத்தில் வைத்து, ட்ரோன் இறங்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, நிற்கச் சொன்னோம், நடக்கச் சொன்னோம், கைகாட்டச் சொன்னோம். அரை நாள் பதிந்தோம். பாதியில் நானும் பிரபுவும் டீ குடிக்கப் போய்விட்டோம். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அவருக்குக் காட்டினோம். சாம்பல் நிறத்தில், முகம் என்று ஒன்று இல்லாத ஒரு உருவம் திரையில் வலது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நடந்தது. முத்துராசு நாற்காலி நுனிக்கு வந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தன் வலது தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூஞ்சியே இல்ல, ஆனா நாந்தேன்."

சொல்லாமல் நகர்ந்தது

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு பலத்த காற்றுப் பயிற்சியைத் தொடங்கினோம். உருவத்துக்கு நாங்கள் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: கோட்டுக்குப் பின்னால் நில். ட்ரோன் இறங்கியது, கால் தளத்தைத் தொட்டது. அதே நொடியில் உருவம் குனிந்து இரண்டடி முன்னால் வைத்தது. அலை தூக்கியதில் ட்ரோன் ஒரு முழம் எம்பியது. உருவம் விழுந்தது. திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பிரபு விளையாடுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். நான்தான் ஏதோ செய்தேன் என்று அவன் என்னை முறைத்தான். காற்றைக் குறைத்தால் உருவம் அசையாமல் நின்றது. கூட்டினால் இரண்டடி. கீபோர்டைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அப்போதும் இரண்டடி. அன்று மத்தியானம் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கட்டளைப் பட்டியலை மூன்று தடவை படித்துவிட்டு, பிரபு மெல்லிய குரலில் சொன்னான்: "நான் நிறுத்தித்தேன் வச்சேன் அக்கா. அவரா வர்றாரு."

வெட்டியது

திங்கட்கிழமை கேப்டன் வருகிறார், பயிற்சியை முழுக்கக் காட்ட வேண்டும். எதனால் என்று தேட நேரமில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு திங்கட்கிழமை வந்திருக்கும். தேடவில்லை, வெட்டினேன். பலத்த காற்றில் நிற்கும் பதிவில் கடைசி இரண்டு விநாடியை எடுத்துவிட்டு, முன்பகுதியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். வேலை சுலபமாக முடிந்தது. எனக்கு என் மேலேயே பெருமை.

திங்கட்கிழமை காற்றை முழுக்கக் கூட்டினோம். மேடை குலுங்கியது, ட்ரோன் எம்பியது, உருவம் கோட்டுக்குப் பின்னால் கல்லாக நின்றது. கேப்டன் ஆறு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். முதல் முறையாக எங்களிடம் குறை சொல்லவில்லை. இந்த நடை யாருடையது என்று மட்டும் கேட்டார். அனுமந்தன்பட்டி முத்துராசு என்று பிரபு பெருமையாகச் சொன்னான். கேப்டன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார்: "அடுத்த மாசம் நெஜக் கப்பல்ல ட்ரயல். எனக்கு இந்த மாதிரி நிக்கிற ஆளுதான் வேணும். இவனையே அனுப்புங்க."

செல்வி வந்த மத்தியானம்

முத்துராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. கடலையே பார்த்ததில்லை, கப்பலில் போகப் போகிறார். அனுமந்தன்பட்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கு மட்டும் வெட்டிய இரண்டு விநாடி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் யாருமில்லாத நேரத்தில், வெட்டாத பழைய பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருவம் வந்தது, விழுந்தது. வந்தது, விழுந்தது. பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினேன். கையில் ஆதார் நகலோடு ஒரு பெண் நின்றிருந்தார். முத்துராசுவின் மனைவி செல்வி. கப்பல் வேலைக்குக் கேட்ட காகிதத்தைக் கொடுக்க வந்திருக்கிறார்.

நான் அவசரமாகத் திரையை அணைக்கப் போய், வேறு எதையோ தட்டி, மூன்று சுவரிலும் பெரிதாகப் போட்டுவிட்டேன். ஆளுயரத்துக்கு மேல் மூன்று முத்துராசு ஒரே நேரத்தில் விழுந்தார்கள். இது பொம்மைதான், கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, தானாக முன்னால் போகிறது என்று உளறினேன். செல்வி அழவில்லை, பயப்படவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கோளாறு இல்லக்கா. அவுக அப்படித்தேன். ஆடிக் காத்துல மெசினு சாஞ்சு திராட்சப் பந்தல் கல்லுல அடிச்சிரும்னு, தரையத் தொட்டதும் ஓடிப்போயி அதோட காலப் பிடிச்சுக்குவாக. இங்கன எல்லாருமே அப்படித்தேன் பிடிப்பாக."

நின்ற இடம்

பழைய வீடியோவைத் தேடி எடுத்தோம். நாங்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். கறுப்பு உடையில் முத்துராசு தனியாக நிற்கிறார். ஒலிபெருக்கியில் ட்ரோன் தரையைத் தொடும் சத்தம். குனிகிறார், இரண்டடி வைக்கிறார், இல்லாத ஒரு காலை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பிரபு அந்தப் பதிவைக் கடைசிவரை பார்க்காமல் 'பலத்த காற்றில் நிற்பது' என்று பெயர் போட்டு, ட்ரோன் இறங்கும் நேரத்தோடு பொருத்தி வைத்திருந்தான். நானும் பார்க்கவில்லை. கோளாறு என்று நினைத்து நான் வெட்டியது அந்த மனிதரை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. தரையில் அந்தப் பழக்கம் ட்ரோனைக் காப்பாற்றும். அலையில் எம்பும் தளத்தில் அதே பழக்கம் அவர் தலையை எடுக்கும்.

முத்துராசுவை வரவழைத்து மேடையில் ஏற்றினோம். என்ன ஆனாலும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொன்னேன். சரி என்றார். ட்ரோன் திரையில் இறங்கியது. இரண்டடி. தாண்டிவிட்டீர்களே என்றேன். இல்லையே என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. மறுபடி போட்டோம், மறுபடி. ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நகரவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஏமாற்றுகிற முகம் இல்லை அது. கடைசியில் குனிந்து தன் காலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் நின்னது நின்ன மாதிரித்தேன் மேடம் நிக்கிறேன். கோடுதேன் பின்னாடி போயிருச்சு."

கேப்டனுக்கு ஒரு போன்

வேலை போனாலும் போகட்டும் என்று கேப்டனுக்குப் போன் செய்து, வெட்டியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டு நாள் தருவதாகச் சொன்னார். எட்டாவது நாள் பலத்த காற்றில் இருபது தடவை, ஒன்றுகூடத் தவறாமல் நின்றால் முத்துராசு கப்பலில் ஏறலாம். அப்போதும் இடுப்பில் பெல்ட் போட்டுக் கம்பியோடு கட்டித்தான் நிறுத்துவேன் என்றார். நிற்கவில்லையென்றால் வேறு ஆள். பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நீங்க நிக்கிற ஆளைக் காட்டினீங்க மேடம். அதனாலதான் நான் அவனக் கேட்டேன்."

எட்டு நாள்

சொல்லித் திருத்த முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தான் நகர்வதே தெரியாத மனிதரிடம் நகராதே என்று சொல்லி என்ன பயன்? பிரபுதான் யோசனை சொன்னான். வெட்டாத உருவத்தை, அவர் கண்ணுக்கு நேராக, கோட்டை ஒட்டித் திரையில் நிறுத்தினோம். ட்ரோன் தொடும்போது அது போகும். போனால் என்ன ஆகும் என்பதையும் அவர் பார்ப்பார்.

முதல் இரண்டு நாள் இருவரும் சேர்ந்தே போனார்கள், ஒரே தோள் சாய்வு, ஒரே குனிவு. எது முத்துராசு என்று எனக்கே ஒரு நொடி குழம்பும். நான்காம் நாள் இவர் கொஞ்சம் பிந்தினார். ஆறாம் நாள் அது போனது, இவர் நின்றார். அது விழுவதைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தடவையும் ட்ரோன் இறங்கத் தொடங்கும்போதே அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். மைக்கைக் கூட்டிக் கேட்டேன். திரையில் இருந்த அந்த உருவத்திடம், போகாதே போகாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மைக்கை மறுபடி குறைத்துவிட்டேன். எட்டாவது நாள் இருபது தடவையும் நின்றார். இருபது தடவையும் அது விழுந்தது. மேடையிலிருந்து இறங்கியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பற்றிக் குறைபடுகிற குரலில் சொன்னார்: "எம்புட்டுச் சொல்லியும் கேக்க மாட்டேங்குறான் மேடம்."

கப்பலிலிருந்து வந்த வீடியோ

ட்ரயல் நடந்த அன்று காலையில் வேலை ஓடவில்லை. செல்வி எங்கள் அலுவலகத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தார், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றார். பதினோரு மணிக்குக் கேப்டன் ஒரு வீடியோ அனுப்பினார். முதலில் நான் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். செல்வி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நிஜக் கடல், நிஜக் காற்று. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் முத்துராசு, இடுப்பில் பெல்ட். ட்ரோன் வந்து தொட்டது. அலை தூக்கியது. ட்ரோன் எம்பிச் சரிந்து, றெக்கை கோட்டுக்கு இரண்டடி முன்னால், நெஞ்சுயரத்தில், காற்றை வெட்டிக்கொண்டு போய்ச் சாய்ந்து நின்றது. எங்கள் திரையில் நூறு தடவை பார்த்த அதே இடம். முத்துராசு கோட்டுக்குப் பின்னாலேயே நின்றார். பெல்ட் இறுகவில்லை, தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவரை இழுத்துப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கண் ட்ரோனைப் பார்க்கவில்லை. தனக்கு நேர் முன்னால், தளத்தில் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வி அந்த இடத்தில் விரலை வைத்தார், என்னைப் பார்த்தார். நான் வீடியோவை மறுபடி ஓடவிட்டேன்.

மத்தியானம் முத்துராசுவே போன் செய்தார். எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். பின்னால் கடல் இரைச்சல். அதை மீறிச் சொன்னார்: "எனக்கு முன்னாடி ஒருத்தன் போனான் மேடம். அவனப் போகவிட்டுட்டு நான் நின்னுக்கிட்டேன்."

திரையில் எது தானாக நகர்ந்தாலும், அது கோளாறா இல்லையா என்று முடிவு கட்டும் முன் சம்பந்தப்பட்டவரின் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று எங்கள் அலுவலக விதிகளில் சேர்த்திருக்கிறேன்; முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.